முதல் வரிசையில் உயர்ந்த கை

நம் நாட்டு மாநிலங்களை ஆங்கில எழுத்து வரிசைப்படி அடுக்கினால் ஜொகூர்தான் முதலில் வரும். இதில் யாருடைய உழைப்பும் இல்லை. ஆனாலும் அதனால்தான் தேசியச் சதுரங்கச் சம்மேளனத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எங்கள் மாநிலப் பேராளர்கள் இருவரும் எப்போதும் முதல் வரிசையில், மேடைக்கு நேர் எதிரே உட்காருவார்கள். மற்ற மாநிலங்கள் எல்லாம் அவர்களுக்குப் பின்னால். எதற்காவது கை தூக்கச் சொன்னால் மண்டபம் முழுக்க முதலில் பார்ப்பது எங்கள் ஆட்களின் கையைத்தான். பல வருஷம் அந்தக் கூட்டங்களுக்குப் போய் வந்தவள் நான். இதைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை. என்னைவிடப் பல மடங்கு யோசிக்கத் தெரிந்த என் அண்ணனும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இதை எழுதும் வேலை எனக்கு வந்திருக்காது.

அண்ணன்தான் எங்கள் மாநிலச் சங்கத்தின் தலைவர். தம்போயில் கார் ஏர்கோன் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். பகலெல்லாம் யாராவது ஒருவருடைய காரின் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு மல்லாந்து கிடப்பார். நான் பாசிர் கூடாங்கில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கிடங்கின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சனிக்கிழமையானால் எங்கள் தாமான் குடியிருப்பின் பொது மண்டபத்தில் பெண் பிள்ளைகளைக் கூட்டி வைத்து செஸ் ஆட விடுவேன். பண்டார் தெங்காரா பக்கம், செம்பனைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே பலகையில் ஆடக் கற்றுக்கொண்டவர்கள் நாங்கள். அவருக்கு அது நன்றாக வந்தது. எனக்கு ஏதோ வந்தது. அவர் மாநிலத்துக்கு ஆடினார், ஒரு தடவை நாட்டுக்கும் ஆடினார். நான் மாநிலப் பெண்கள் அணியில் கடைசிப் பலகையில் உட்கார்ந்து காலத்தை ஓட்டினேன்.

தொட்டால் நகர்த்த வேண்டும். செஸ் ஆடுகிற எல்லாருக்கும் இந்தச் சட்டம் உண்டு. ஒரு காயில் கை பட்டுவிட்டால் அதைத்தான் ஆட வேண்டும், நஷ்டமானாலும் சரி. மற்றவர்கள் அதைப் பலகையோடு விட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் அது பலகையை விட்டு இறங்கி அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. எனக்கு எட்டோ ஒன்பதோ வயது இருக்கும். ஆடும்போது அவசரத்தில் ராஜாவைத் தொட்டுவிட்டேன். அதை நகர்த்தினால் என் ராணி போய்விடும். "தெரியாம தொட்டுட்டேண்ணே" என்று அழுதேன். அம்மா வந்து, "சின்னப் பிள்ளதானடா, விட்டுக் குடேன்" என்றார். அண்ணன் அசையவில்லை. "அழுதுகிட்டாச்சும் நகர்த்து பாப்பா" என்றார். நான் அழுதுகொண்டே நகர்த்தினேன். ராணியை எடுத்துக்கொண்டார். அன்றைக்குச் சாப்பாட்டில் தன் பங்கு முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் அப்படிப்பட்ட ஆள்.

வளர்ந்த பிறகும் மாறவில்லை. சாயங்காலம் கார் தருகிறேன் என்று யாரிடமாவது சொல்லிவிட்டால், தன் காய்ச்சலையும் மழையையும் பார்க்காமல் வேலையை முடித்து, காரை அவர் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்திவிட்டு பஸ்ஸில் திரும்பி வருவார். அண்ணியைப் பெண் பார்த்துவிட்டு வந்த வாரத்தில், இன்னும் வசதியான ஓர் இடத்திலிருந்து ஆள் வந்தார்கள். அம்மாவுக்குக் கொஞ்சம் சபலம். "சரின்னு சொல்லிட்டேம்மா, தொட்டாச்சு" என்று அண்ணன் முடித்துவிட்டார். அண்ணி இன்றைக்கும் இதைச் சொல்லிக் கேலி செய்வார். "என்னைய எங்க பிடிச்சுக் கட்டுனாரு, கைபட்டுருச்சேன்னு கட்டுனாரு" என்பார். நாங்கள் எல்லாரும் சிரிப்போம். அண்ணன் மட்டும் சிரிக்க மாட்டார், காது சிவந்து போகும். அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

தீபாவளிக் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, பலகாரத்தில் கை வைப்பதற்கு முன் அண்ணனும் நானும் ஒரு ஆட்டம் ஆடுவோம். எனக்குக் கல்யாணமாகிப் பாசிர் கூடாங் வந்த பிறகும் இது நிற்கவில்லை. என் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் தம்போய் வீட்டுக் கூடத்தில் பசியோடு காத்துக் கிடப்பார்கள். அந்த ஆட்டத்தில் நான் அண்ணனை ஜெயித்ததே இல்லை. சில வருஷம் டிரா ஆகியிருக்கிறது. அந்த வருஷங்களில் நான் நடந்துகொண்ட விதம் யாருக்கும் பொறுக்காது.

இனி சம்மேளனத்தின் கதைக்கு வருகிறேன். அதன் துணைத் தலைவர் ஒரு டத்தோ, அரசப் பட்டம் வாங்கியவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்குச் செஸ் என்றால் ஹோட்டல், பதாகை, பூங்கொத்து, புகைப்படம். குதிரை எப்படிப் போகும் என்று அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்தான். ஆனால் தேசிய அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வுப் போட்டிகளை எங்கே, எப்போது வைப்பது என்பது அவர் கையில் இருந்தது. முன்பெல்லாம் வட்டாரத்துக்கு ஒரு தேர்வு நடக்கும். தெற்குத் தேர்வு எங்கள் பக்கம்தான். திடீரென்று ஒரு நாள் இளம் பெண்களுக்கான தேர்வு இனிமேல் கோலாலம்பூரில் மட்டும், ஒரே ஹோட்டலில், சேர்ந்தாற்போலப் பல நாள் நடக்கும் என்று அறிவித்துவிட்டார்கள்.

தலைநகரத்தில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம். என் சனிக்கிழமைப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு அப்படி இல்லை. பாதிப் பேர் தொழிற்சாலையில் சிஃப்ட். அப்பாக்கள் விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போகிறவர்கள். பெண் பிள்ளையைத் தனியாக ஹோட்டலில் விட முடியாது, கூடப் போனால் வேலை போகும். அந்த அறிவிப்பு வந்த சனிக்கிழமை, நன்றாக ஆடிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகள் வரவே இல்லை. "எதுக்குங்க டீச்சர் இனிமே, அவ்ளோ தூரம் எங்களால அனுப்ப முடியாது லா" என்றார் அதில் ஒரு பிள்ளையின் அம்மா. நான் டீச்சர் இல்லை, ஆனால் அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கோபம் எனக்குச் சீக்கிரம் வரும், ஆனால் அவ்வளவு நேரம் நிற்காது. அது மட்டும் நின்றது.

அந்த வருஷம் சம்மேளனத் தேர்தல் வருஷம். டத்தோவை எதிர்த்து யாரும் நிற்கப் போவதாகத் தெரியவில்லை. மாநிலச் சங்கத்து ஆட்களும் சில அம்மாக்களும் தம்போயில் அண்ணன் வீட்டில் கூடினோம். நீங்கள்தான் நிற்க வேண்டும் என்று எல்லாரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். துணைத் தலைவர் பதவிக்கு வந்துவிட்டால் தெற்குத் தேர்வைத் திரும்பக் கொண்டுவரலாம். அது ஒன்றுதான் எங்களுக்கு வேண்டும். மற்றபடி அந்த மேடையில் உட்கார்ந்து மாலை போட்டுக்கொள்ள எனக்கு ஆசை இல்லை, புடவை கட்டவே சோம்பேறித்தனப்படுகிறவள் நான்.

அண்ணன் அன்றைக்கு அதிகம் பேசவில்லை. எல்லாருக்கும் கோப்பி கலக்குகிறேன் என்று எழுந்து போனார். அண்ணி இருக்கும்போது அவர் அடுப்படிக்குப் போனதே இல்லை. நான் அதைக் கவனித்தேன், ஆனால் ஒன்றும் நினைக்கவில்லை. கோப்பியோடு திரும்பி வந்தவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"நிக்கறதுன்னு முடிவு பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேண்ணே."

கோப்பிக் கோப்பையை என் முன்னால் வைத்தார். பிறகு, "சரி" என்றார். அந்த ஒரு சொல்லை நாங்கள் எல்லாரும் ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டோம்.

சம்மேளனத்தில் ஒரு வழக்கம் உண்டு. சொந்த மாநிலமே தன் ஆளை முன்மொழிவது அழகில்லை, தன்னைத் தானே புகழ்ந்துகொள்வதுபோல. வேறு மாநிலம்தான் முன்மொழிய வேண்டும். அதன்படி பக்கத்து மாநிலத்தார் என் பெயரைச் சொன்னார்கள். வடக்கே இரண்டு மூன்று மாநிலங்கள், கிழக்குக் கரையில் ஒன்று, கடல் தாண்டி ஒன்று என்று ஒவ்வொரு ஊருக்கும் போன் போட்டேன். தேர்வைத் தலைநகரத்துக்குக் கொண்டுபோனதில் அவர்களுக்கும் வயிற்றெரிச்சல் இருந்தது. வாக்குக் கொடுத்தார்கள். என் சொந்த மாநிலத்துக்கு மட்டும் நான் போன் போடவில்லை. அண்ணனிடம் போய் உங்கள் ஓட்டு யாருக்கு என்று கேட்பார்களா?

கூட்டத்துக்கு அண்ணன் காரில்தான் போனோம். முன்னால் அண்ணனும் நானும். பின்னால் எங்கள் சங்கத்துப் பொருளாளர், இரண்டாவது பேராளர். அமைதியான சீனப் பெரியவர், அண்ணன் என்ன சொன்னாலும் தலையாட்டுவார். காலையில் கிளம்பி, நெடுஞ்சாலையில் ஓய்விடம் ஒன்றில் நிறுத்திப் பசியாறினோம். எனக்குப் பதற்றத்தில் ஒன்றும் இறங்கவில்லை. அண்ணன் ஒரு நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து என் முன்னால் தள்ளினார்.

"கொஞ்சம் சாப்பிடு பாப்பா. மேடையில நிக்கணும்."

நான் மிளகாய்ச் சம்பலைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டேன். அவர் தே தாரிக் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாநிலமாகக் கேட்டார். வடக்கே அவர்கள் உறுதிதானா? யார் பேசினார்கள், தலைவரா செயலாளரா? கிழக்குக் கரைக்காரர்கள் வருகிறார்களா, இல்லை ஆள் அனுப்புகிறார்களா? நான் சொல்லச் சொல்ல விரல் மடக்கிக்கொண்டே வந்தார். முடிந்ததும் முதலிலிருந்து இன்னொரு தடவை கேட்டார்.

"எத்தன தடவ கேப்பீங்க?" என்று சிரித்தேன்.

"உறுதியா தெரியணும்ல" என்றார். அவர் முகம் தெளிந்திருந்தது. என் மேல் இருந்த அக்கறை என்று நினைத்தேன். மறுபடி காரில் ஏறும்போது என் புடவைத் தலைப்பு கதவில் மாட்டாமல் எடுத்து உள்ளே விட்டார். இந்தச் சின்னச் சின்ன விஷயங்கள்தான் இப்போது என்னைக் கொல்கின்றன.

மண்டபத்தில் வேட்பாளர்களை மேடையில் உட்கார வைத்தார்கள். டத்தோ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எனக்கு நேர் எதிரே முதல் வரிசையில் அண்ணனும் பொருளாளரும். மாநிலச் சங்கத்தின் பாத்திக் சட்டையைப் போட்டிருந்தார் அண்ணன். அண்ணி கஞ்சி போட்டு இஸ்திரி செய்த மடிப்பு அப்படியே இருந்தது. பேச வேண்டியதைப் பேசினேன். நன்றாகவே பேசினேன். தெற்குத் தேர்வு என்றபோது பின்வரிசைகளில் தலைகள் ஆடின. அண்ணனும் தலையாட்டினார், சத்தியமாக ஆட்டினார்.

ரகசிய ஓட்டு வேண்டும் என்று யாராவது கேட்கிறீர்களா என்று கூட்டத்தை நடத்தியவர் கேட்டார். எங்கள் பக்கத்தில் யாரும் கேட்கவில்லை. கை தூக்குவதுதான் எங்களுக்கு நல்லது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். வாக்குக் கொடுத்தவன் முகத்துக்கு நேரே அதை மீறக் கூச்சப்படுவான் அல்லவா? டத்தோ பக்கமும் பேசாமல் இருந்தார்கள். அவர்கள் ஏன் பேசாமல் இருந்தார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

"இப்போதைய துணைத் தலைவருக்கு ஆதரவு தருபவர்கள் கை தூக்கவும்" என்றார்.

அண்ணன் கை தூக்கினார்.

தயங்கவில்லை. பாதி தூக்கி நிறுத்தவில்லை. எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவர். வலது கை, முழங்கை மடங்காமல், நேராக மேலே போனது. என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த பதாகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொருளாளர் ஒரு தடவை அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தன் கையையும் தூக்கினார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. கேள்வி மாறிப்போய்விட்டது, அண்ணன் தப்பாகக் கேட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். "அண்ணே" என்று வாய்வரை வந்தது. அப்போதுதான் பின்வரிசைகளைப் பார்த்தேன். வடக்கு மாநிலத்து ஆள் அண்ணனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ கேட்டார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்கு மறக்காது. சொந்த அண்ணனே வேண்டாம் என்கிறான், இந்தப் பெண்ணிடம் ஏதோ இருக்கிறது, நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று. மெதுவாக அவர் கை மேலே போனது. அதைப் பார்த்துக் கிழக்குக் கரையின் கை. பிறகு இன்னும் சில. என்னை முன்மொழிந்த பக்கத்து மாநிலத்தார் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்கு ஆதரவு கேட்டபோது தூக்கிய கைகளை எண்ண ஆளே வேண்டியிருக்கவில்லை. டத்தோ எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். ஆறுதலாக ஏதோ சொன்னார், மலாயில் சொன்னாரா ஆங்கிலத்தில் சொன்னாரா என்றுகூட நினைவில்லை. யாரோ புகைப்படம் எடுத்தார்கள். நான் அதில் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன் காரில் நான் திரும்பவில்லை. பக்கவாட்டுக் கதவு வழியாக இறங்கி, டாக்சி பிடித்து, பஸ் ஏறி லார்க்கின் பஸ் நிலையத்துக்கு வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் செம்பனை மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. போன் அடித்துக்கொண்டே இருந்தது, அண்ணன்தான். எடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் வந்து கூட்டிக்கொண்டு போனார். வீட்டுக்கு வந்ததும் புடவையைக்கூட மாற்றாமல் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தோற்றதற்கு அழவில்லை. அந்தத் தோல்வியை நான் இரண்டு நாளில் திட்டித் தீர்த்திருப்பேன். அந்த நாசி லெமாக் பொட்டலத்தை நினைத்து அழுதேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். கேட்டைத் திறந்துவிட்டேன், உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. அவரும் வரவில்லை. கார் நிறுத்தும் இடத்தில், ஷூ அடுக்குக்குப் பக்கத்தில் நின்றார்.

"டத்தோ போன மாசம் தம்போய்க்கு வந்திருந்தாரு" என்றார். "மாமாக் சாப்பாட்டுக் கடையில உக்காந்து பேசினோம். நம்ம சங்கம் வருசா வருசம் நடத்துற ஓப்பன் போட்டிய நாட்டுக் காலண்டர்லேருந்து எடுக்க மாட்டேன்னாரு. ஜொகூர் ஓட்டு ரெண்டும் உங்களுக்குத்தான்னு சொன்னேன். அப்ப எதிர்த்து யாருமே நிக்கல பாப்பா. நீ நிப்பன்னு எனக்குத் தெரியாது."

"நான் நின்னேனே. உங்க வீட்டுலதான முடிவு பண்ணோம்."

"தொட்டுட்டேன்" என்றார்.

அவ்வளவுதான். அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. எனக்கும் அந்தச் சொல் புரிந்ததுதான் கொடுமை. வேறு யாராவது அதைச் சொல்லியிருந்தால் காறித் துப்பியிருப்பேன்.

"எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லண்ணே?"

"சொன்னா நீ நின்னுருக்க மாட்ட. அண்ணனுக்குச் சங்கடம்னு விட்டுக் குடுத்துருப்ப." அது உண்மைதான். விட்டுக் கொடுத்திருப்பேன். "அந்தப் பிள்ளைங்களுக்கு நீ வரணும்னு எனக்கும் ஆசதான். அதான் எண்ணிப் பாத்தேன். வீட்லயும் எண்ணினேன், அன்னிக்கு வழியிலயும் எண்ணினேன். நீ சொன்னவங்க எல்லாம் போட்டா, எங்க ரெண்டு ஓட்டு இல்லாமலே உனக்கு வந்துரும். என் வாக்கும் நிக்கும், நீயும் ஜெயிச்சுருவ. மூணு நாலு தடவ சரிபாத்தேன் பாப்பா."

பெருமையாகக்கூட இருந்தது அவர் குரல், கொஞ்சம். சரியான கணக்குத்தான் என்று இன்னமும் நம்பிக்கொண்டு, மற்றவர்கள் ஏன் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்று குழம்பிப்போயிருந்தார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவருக்கு நடந்ததே புரியவில்லை என்று.

"அண்ணே, அவங்க எல்லாரும் உங்க கையப் பாத்தாங்க" என்றேன்.

"என்னது?"

"நீங்க முத வரிசைல உக்காந்துருக்கீங்க. நீங்க தூக்கினத எல்லாரும் பாத்தாங்க. சொந்த அண்ணனே எதிர்த்துத் தூக்கறாரு, இவகிட்ட என்னமோ இருக்குன்னு நெனச்சாங்க. அதுக்கப்புறம்தான் அவங்க கை போச்சு."

பலகையில் ஒரு யானை இன்னொரு யானை என்ன செய்கிறது என்று பார்த்து மனசு மாறாது. அண்ணன் வாழ்க்கை முழுக்க அந்தக் காய்களோடு இருந்தவர். நான் சொன்னதைக் கேட்டு அவர் முகம் மாறிய விதத்தை நான் பலமுறை போட்டி மண்டபங்களில் பார்த்திருக்கிறேன். எதிராளி ஒரு காயை வைத்துவிட்டுக் கையை எடுக்கிற நேரத்தில், ஆடுகிறவனுக்கு எல்லாம் தெரிந்துவிடும். அப்படி நின்றார். ஷூ அடுக்கைப் பிடித்துக்கொண்டார்.

"அத நான் பாக்கல" என்றார்.

தோற்ற ஆட்டக்காரன் சொல்கிற சொல் அது. ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அதைக் கேட்டால் எதிராளி தோளைத் தட்டிக் கொடுப்பான். நான் தட்டிக் கொடுக்கவில்லை. என்னால் முடியவில்லை. கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்துவிட்டேன். வெகுநேரம் கழித்துத்தான் அவர் கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

டத்தோ ஏமாற்றியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவரையாவது இருவரும் சேர்ந்து திட்டியிருக்கலாம். அவர் சொன்னபடியே நடந்துகொண்டார். எங்கள் ஓப்பன் போட்டி காலண்டரில் இருந்தது, நன்றாக நடந்தது. அண்ணன்தான் முன்னால் நின்று நடத்தினார் என்று சொன்னார்கள். நான் போகவில்லை. பெண்கள் தேர்வும் அறிவித்தபடி கோலாலம்பூர் ஹோட்டலில் நடந்தது. எங்கள் தாமானிலிருந்து ஒரு பிள்ளையும் போகவில்லை. வந்துகொண்டிருந்தவர்களிலும் பலர் நின்றுவிட்டார்கள். ஒருத்தி நீச்சலுக்குப் போகிறாளாம், நல்லது. சனிக்கிழமை மண்டபத்தைத் திறந்து நாலைந்து பலகைகளை மட்டும் விரித்துவிட்டு, மிச்சத்தை அலமாரியிலேயே விட்டு வைக்கிறேன்.

தீபாவளி வந்தது. தம்போய் போவதில்லை என்றுதான் இருந்தேன். முந்தின நாள் அண்ணி போன் செய்தார்.

"இந்த வருசம் முறுக்கு சுடலம்மா. யாரு வரப் போறான்னு கேக்கறாரு. நீ வந்தா சுடறேன்."

முறுக்குக்காக யாராவது மனசை மாற்றிக்கொள்வார்களா? நான் மாற்றிக்கொண்டேன்.

நாங்கள் போனபோது கூடத்தில் பலகை விரித்திருந்தது. காய்களை அடுக்கி வைத்திருந்தார், வெள்ளை என் பக்கம். எப்போதும் எனக்குத்தான் வெள்ளை தருவார். மெலிந்திருந்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து சின்னதாகிப்போயிருந்தது. "வாம்மா" என்றார். நான் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார்.

ஆடினோம். பாதி ஆட்டத்தில் அவர்தான் நல்ல நிலையில் இருந்தார், வழக்கம்போல. அவர் முறை வந்தது. யானையை எடுக்கப் போனார் என்று எனக்குத் தெரியும், அதுதான் சரியான ஆட்டம். கை தடுமாறிப் பக்கத்தில் இருந்த ராணியின் தலையைத் தொட்டுவிட்டது. அந்த ராணி அந்த இடத்தை விட்டு எங்கே போனாலும் என் கையில் விழும். கை அப்படியே நின்றது.

"மாத்திக்குங்கண்ணே" என்றேன். "கை தெரியாம பட்டுருச்சு. நம்ம வீட்டு ஆட்டம்தான? யானைய ஆடுங்க."

என் வாழ்நாளில் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. ராணிக்காகச் சொல்லவில்லை என்று அவருக்கும் தெரிந்தது. தலையைத் தூக்கி என்னை வெகுநேரம் பார்த்தார். எனக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான். ஒரே ஒரு தடவை, எனக்காக, தொட்டதை விட்டுவிட்டு வேறொன்றை எடுக்கட்டும். அந்த மண்டபத்தை, அந்தப் பதாகையை, எல்லாவற்றையும் அந்த நொடியிலேயே மறந்துவிட நான் தயாராக இருந்தேன். எடுங்கண்ணே, யானையை எடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவர் கண் கலங்கியது.

ராணியை எடுத்து, இரண்டு கட்டம் தள்ளி வைத்தார்.

"எடு" என்றார்.

என்னால் கையைத் தூக்க முடியவில்லை.

"எடும்மா. உன் முறைதான்."

அழுதுகொண்டே எடுத்தேன். அழாதே என்று அவர் சொல்லவில்லை. அதற்குப் பிறகு சில காய்கள் நகர்ந்தன, அவ்வளவுதான். தன் ராஜாவைப் படுக்க வைத்துவிட்டு எனக்குக் கை நீட்டினார். வலது கை. நகக்கண்ணில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத பட்டறைக் கறுப்பு. மேடையிலிருந்து பார்த்த கை அது. பிடித்துக்கொண்டேன். என் மனசில் இருந்தது மன்னிப்பு இல்லை, பொய் சொல்ல மாட்டேன்.

அண்ணி முறுக்குத் தட்டோடு வந்தார். பலகையைப் பார்த்தார், எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

"யாரு ஜெயிச்சா?"

"பாப்பாதான்" என்றார் அண்ணன். என் கையை அவர் இன்னும் விடவில்லை.